யாரு வீட்டுப் பிள்ள நீ? புதுசா விசுவாசத்துக்குள்ள வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்க ஊர்ப்பக்கம், அதாவது நாசரேத் மெஞ்ஞானபுரம் பக்கம், தெரியாத பையன் ஒருத்தன் தெருவுல நடந்து போனா திண்ணையில உக்காந்திருக்க பெரியவர் கேக்குற முதல் கேள்வி, "ஏல, நீ யாரு வீட்டுப் பிள்ளல?" அதே பையன் சென்னையில ஒரு கல்யாண மண்டபத்துல சாம்பாருக்கு வெயிட் பண்ணிட்டு இருந்தா பக்கத்து இலைக்காரர் கேக்குறது, "தம்பி என்ன பண்றீங்க?" ரெண்டுமே நீ யாருன்னுதான் விசாரிக்குது. முதல் கேள்விக்கு நான் எதையும் சாதிச்சிருக்க வேண்டாம், அந்த வீட்டுல பிறந்திருந்தா போதும். ரெண்டாவதுக்கு வேலை வேணும், சம்பளம் வேணும், சொன்னதும் அவர் புருவம் தூக்குற மாதிரி ஒரு கம்பெனி பேரு வேணும்.

எனக்கு 31 வயசுல வேலை போச்சு. கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்து நிமிஷ வீடியோ கால், முடிஞ்சுது. அதுக்கப்புறம் மூணு மாசம் நான் ஒரு விசேஷ வீட்டுக்கும் போகல, ஏன்னா அந்த ரெண்டாவது கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. இத்தனைக்கும் நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம், ஸ்கூல் முடிக்கறதுக்குள்ள திடப்படுத்தல் (விசுவாசத்தை நாமளே வாய் திறந்து உறுதி சொல்ற சடங்கு), பாடகர் குழு, கேரல்ஸ் ரவுண்ட்ஸ்னு எல்லாம் பண்ணினவன், ஆனா கிறிஸ்தவன்ங்கிறது என் டி.சி.யில இருந்த ஒரு வரி, அதுக்கு மேல அது எங்கிட்ட ஒண்ணும் பேசினதில்ல. அந்த மூணு மாசத்துலதான் பேச ஆரம்பிச்சுது. அப்புறம் சில வருஷமா எங்க சேகரத்துல (ஒரு போதகருக்குக் கீழ இருக்க சபை வட்டாரம்) புதுசா வர்ற பசங்களோட உக்காந்து பேசிட்டு இருக்கேன், வேற மதத்துல இருந்து வந்தவங்களும் உண்டு, என்னைய மாதிரி பேருக்குக் கிறிஸ்தவனா இருந்தவங்களும் உண்டு. அவங்ககிட்ட சொல்றதைத்தான் இங்க எழுதுறேன், எந்த சபைக்கும் ஆள் சேர்க்கல, கத்தோலிக்கமோ சி.எஸ்.ஐ.யோ லுத்தரனோ பெந்தெகொஸ்தேயோ நீங்க எங்க இருந்தாலும் இதுல முக்கால்வாசி பொருந்தும்.

முதல் வேலை: ஒரு நோட்டு வாங்குங்க

ஃபோன்ல நோட்ஸ் ஆப் வேண்டாம், பத்து நிமிஷத்துல ரீல்ஸ்ல போய் நிப்பீங்க. கடையில கிடைக்குற சாதா கோடு போட்ட நோட்டு போதும். முதல் பக்கத்துல "நான்"னு ஆரம்பிச்சு பத்து வரி எழுதுங்க. நான் இன்ஜினியர், நான் ரெண்டு பிள்ளைக்கு அம்மா, நான் அரியர் வச்சவன், நான் கருப்பா இருக்கேன், நான் இந்த ஊர்க்காரன், எது வருதோ அது. எழுதி முடிச்சுட்டு ஒவ்வொரு வரி பக்கத்துலயும் ரெண்டு விஷயம் குறிங்க. இது நாளைக்கு எங்கிட்ட இருந்து போயிடக்கூடியதா? இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?

ரெண்டாவது கேள்விதான் வலிக்கும். "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்"னு ஒரு தம்பி எழுதியிருந்தான், யாரு சொன்னதுன்னு கேட்டா ஏழாங்கிளாஸ் வாத்தியார்னு சொன்னான், அவனுக்கு இப்ப 26 வயசு. என் லிஸ்ட்டுல ஒன்பது வரி போயிடக்கூடியதா இருந்துச்சு, மிச்சம் இருந்த ஒண்ணு "நான் இன்னார் மகன்". சரி, இதாவது இருக்கேன்னு நான் நிம்மதியா இருந்தேன், ஆனா எங்க குழுவுல ஹோம்ல வளர்ந்த ஒரு அண்ணன் இருந்தாரு, அவரு நோட்டை மூடி வச்சுட்டு "அந்த வரிய என்னால எழுத முடியாதே"ன்னாரு. அதுல இருந்து நான் இந்த உதாரணத்தை கொஞ்சம் பயந்துதான் சொல்றேன்.

இன்னொண்ணும் இருக்கு, மறைக்க முடியாது. "யாரு வீட்டுப் பிள்ள"ங்கிற கேள்விக்குள்ள பாதி நேரம் ஒளிஞ்சிருக்கது "என்ன சாதி"ங்கிற கேள்விதான். சர்ச்சுக்குள்ளயும் அது வந்துச்சு, இன்னும் இருக்கு. 1833-லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி வேண்டாம், விட்டுடணும்னு எழுதி அனுப்பினாரு, தஞ்சாவூர் சபையில அதுக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்துச்சுன்னு வரலாறு படிச்சா தெரியும். ஆக ஒரு சபைக்குள்ள நுழைஞ்சதும் உங்க அடையாளம் தானா கழுவப்பட்டுடும்னு நம்பி வந்தீங்கன்னா ஏமாந்து போவீங்க. கலாத்தியர் 3:28-ல யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லைன்னு பவுல் (ஆரம்பகால சபைகளுக்குக் கடிதம் எழுதின ஊழியர்) எழுதினது, அந்தப் பிரிவினை இருந்த ஒரு சபைக்குத்தான். அந்த வசனத்தை வச்சு நீங்க சபையையே கேள்வி கேக்கலாம், தாராளமா கேளுங்க.

அடுத்து: மாற்கு, வேற எதுவும் வேண்டாம்

புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு ஆதியாகமத்துல ஆரம்பிச்சு வேதத்தை வரிசையா படிக்கப் பாக்குறது. ஆதியாகமம் கதை, ஜோரா போகும், யாத்திராகமம் பாதி வரைக்கும் ஓடும், அப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தோட (வழிபாட்டுக் கூடாரம்) அளவு வரும், லேவியராகமத்துல புத்தகம் மூடும், அடுத்த ஜனவரி 1 வரைக்கும் திறக்காது. மாற்கு எடுங்க. இயேசுவோட வாழ்க்கையைச் சொல்ற நாலு சுவிசேஷத்துல சின்னது, 16 அதிகாரம், ஒரேயடியா உக்காந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடலாம். ஆனா ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம்னு வச்சுக்கங்க, 14-ம் அதிகாரம் மட்டும் 72 வசனம், அதை ரெண்டு நாளா பிரிச்சுக்கலாம்.

எந்த பைபிள்னு கேப்பீங்க. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகள்ல எல்லார் கையிலயும் இருக்கது பழைய மொழிபெயர்ப்பு, "சொல்லுகிறதாவது", "உண்டாயிற்று"ன்னு வர்றது, மனப்பாடம் பண்ண அழகா இருக்கும், முதல் தடவை படிக்கறவங்களுக்கு கடிச்சு மெல்லணும். கத்தோலிக்கக் கோயில்ல 1995-ல வந்த திருவிவிலியம் இருக்கும், இன்னைக்கு தமிழ்ல ஓடும். இதுல தேவன்னா அதுல கடவுள், இதுல பரிசுத்த ஆவின்னா அதுல தூய ஆவி, பயந்துடாதீங்க ஒரே ஆள்தான். கத்தோலிக்க பைபிள்ல 73 புத்தகம், மத்ததுல 66, மாற்கு ரெண்டுலயும் அதே மாற்குதான்.

படிக்கும்போது நோட்டுல ஒண்ணே ஒண்ணு மட்டும் குறிங்க: இந்த அதிகாரத்துல யாராவது இயேசுவைப் பாத்து "நீ யாரு"ன்னு கேக்குறாங்களா, இல்ல இவர் இன்னார்னு சொல்றாங்களா? மாற்கு முழுக்க இந்தக் கேள்விதான் ஓடுது. அசுத்த ஆவி சொல்லும், சீஷர்கள் படகுல நடுங்கிட்டே கேப்பாங்க, 8-ம் அதிகாரத்துல அவரே திருப்பிக் கேப்பாரு நீங்க என்னை யாருன்னு சொல்றீங்கன்னு, கடைசியில சிலுவைக்கு முன்னாடி நிக்குற ரோம நூற்றுக்கு அதிபதி (படை அதிகாரி) ஒரு பதில் சொல்வான். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 6-ம் அதிகாரம் 3-ம் வசனம். சொந்த ஊர் நாசரேத்துக்கு வர்றாரு, ஜெப ஆலயத்துல பேசுறாரு, ஊர்க்காரங்க சொல்றாங்க: "இவன் தச்சன் அல்லவா? மரியாளுடைய குமாரன் அல்லவா?" என்ன வேலை, யாரு வீட்டுப் பிள்ள! நம்ம ஊர் நாசரேத்து திண்ணையிலயும் சென்னை மண்டபத்துலயும் கேக்குற அதே ரெண்டு கேள்வி, அந்த நாசரேத்துலயும். ஆளைச் சின்னதாக்கத்தான் கேட்டாங்க, பதில் எங்களுக்குத் தெரியும் நீ ஒண்ணும் பெரிய ஆள் இல்லங்கிற மாதிரி.

வரிசையை மாத்தாதீங்க

இந்தக் கட்டுரையில ஒரு பகுதி மட்டும் படிக்க நேரம் இருந்தா இதைப் படிங்க.

மாற்கு 1-ம் அதிகாரத்துல இயேசு யோர்தான் ஆத்துல ஞானஸ்நானம் எடுத்துக் கரையேறுறாரு, வானத்துல இருந்து சத்தம் வருது: "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்." இது எப்ப வருதுன்னு கவனிங்க. அதுவரைக்கும் அவர் ஒரு அற்புதமும் பண்ணல, ஒரு பிரசங்கம் பண்ணல, ஒரு சீஷன் கூட சேரல, மரம் அறுத்துட்டு இருந்த ஒரு ஆளு. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே "உம்மில் பிரியமாயிருக்கிறேன்" வந்துடுச்சு. நம்ம வீட்டுல மார்க் ஷீட் பாத்த பிறகுதான் வரும், அதுவும் வந்தா.

அடுத்து அவர் வனாந்தரத்துக்குப் போறாரு. மத்தேயு 4-ம் அதிகாரத்துல அதை விவரமா சொல்றாரு, சோதனைக்காரன் வாயத் திறந்து சொல்ற முதல் வார்த்தை "நீர் தேவனுடைய குமாரனேயானால்". ஆனால்! இப்பத்தான் நாப்பது நாள் முன்னாடி மகன்னு சொல்லியாச்சு, இவன் வந்து அப்படின்னா கல்லை அப்பமாக்கிக் காட்டு பாப்போம்ங்கிறான். செஞ்சு காட்டி நீ யாருன்னு நிரூபின்னு கேக்குறது பழைய தந்திரம், ஆபீஸ்ல அப்ரைசல் வரும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் ஞாபகம் வரும், சிரிப்பும் வரும்.

கிறிஸ்தவ விசுவாசத்துல அடையாளம் கிடைக்குற வரிசை இதுதான்: முதல்ல யாருடையவன்னு தெரியணும், அப்புறம்தான் என்ன செய்யணும்ங்கிறது. நாம தலைகீழா ஓடுறோம், நான் ஏதாவது பெருசா செஞ்சுட்டா கடவுளுக்கு என்னைப் பிடிக்கும், ஊருக்குப் பிடிக்கும், எனக்கே என்னைப் பிடிக்கும்னு. ஊழியம் பண்றவங்களே இதுல மாட்டிக்கிட்டு பர்ன் அவுட் ஆகி நிக்குறதப் பாத்திருக்கேன்.

பயிற்சி சின்னது. காலையில ஃபோனைத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், ஏசாயா 43:1. "பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்." உங்க பேரை முன்னாடி சேத்து சத்தமா சொல்லுங்க, வீட்டுல கூப்பிடுற பேரு, ஆதார் கார்டு பேரு வேண்டாம். முதல் வாரம் நாடகம் போடுற மாதிரி இருக்கும், எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு, பாத்ரூம்ல போய்ச் சொன்னேன். அப்புறம் ஒரு விஷயம், அந்த வசனம் தனி ஆளுக்குச் சொன்னது கிடையாது, யாக்கோபேன்னு கூப்பிட்டு ஒரு ஜனத்துக்கே சொன்னது. அதனால வாரத்துல ஒரு நாளாவது உங்களுக்குப் பிடிக்காத ஒருத்தர் பேரையும் அதுல வச்சுச் சொல்லிப் பாருங்க. கஷ்டம்.

ராத்திரி பத்து நிமிஷம்

காலையில அடையாளம்னா ராத்திரி நோக்கம். இதுக்கு நான் கத்தோலிக்கர்கள்கிட்ட கடன் வாங்கியிருக்கேன், எங்க ஐயருக்கும் தெரியும் (நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ.யில போதகரை ஐயர்னுதான் சொல்வோம், வெளியூர்க்காரங்க குழம்பிக்காதீங்க).

லொயோலா இஞ்ஞாசியார் கதை தெரிஞ்சா இது புரியும், நம்ம சென்னை லொயோலா காலேஜுக்கு யாரு பேரு வச்சிருக்காங்களோ அவரு. ஸ்பெயின்ல பிரபு வீட்டுப் பையன், பட்டாளம், வாள், பெரிய இடத்துப் பொண்ணுங்க கனவு. 1521-ல பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில பீரங்கிக் குண்டு காலை உடைச்சுது. எலும்பு கோணலா சேந்து துருத்திக்கிட்டு நின்னுச்சு, அழகா பூட்ஸ் போட முடியாதேன்னு மயக்க மருந்தே இல்லாத காலத்துல அந்த எலும்பை அறுக்கச் சொன்னாரு, பாத்துக்கங்க அடையாளம்ங்கிறது மனுஷனை என்ன பாடு படுத்துதுன்னு. படுக்கையில கிடந்தப்போ வீரக்கதைப் புத்தகம் கேட்டாரு, வீட்டுல அது இல்ல, கிறிஸ்துவோட வாழ்க்கையும் புனிதர்கள் கதையும்தான் இருந்துச்சு. படிச்சுட்டுப் படுத்துக் கனவு காணும்போது ஒண்ணு கவனிச்சாரு. அந்தப் பெரிய இடத்துப் பொண்ணை நினைச்சா நினைக்கும்போது ஜாலியா இருக்கு, அப்புறம் வறண்டு போகுது. புனிதர்கள் மாதிரி வாழலாமான்னு நினைச்சா நினைக்கும்போதும் நல்லா இருக்கு, நினைச்சு முடிச்ச பிறகும் அந்தச் சந்தோஷம் தங்குது. இந்த வித்தியாசத்தை வச்சுத்தான் அவர் தன்னோட வழியைக் கண்டுபிடிச்சாரு.

ராத்திரி செய்ய வேண்டியது அவ்வளவுதான். லைட்டை அணைச்சுட்டு, இன்னைக்கு எதுக்கு நன்றி சொல்லணும்னு ரெண்டு மூணு விஷயம், சின்னதா இருக்கட்டும், பஸ்ல சீட் கிடைச்சது கூட. அப்புறம் ஆண்டவரே உம்ம கண்ணுல இந்த நாளைக் காட்டும்னு கேட்டுட்டு காலையில இருந்து மணி வாரியா ஓட்டிப் பாருங்க, எங்க உயிரோட இருந்தேன், எங்க வறண்டேன், எங்க யாரையாவது காயப்படுத்தினேன். தப்புக்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு விஷயத்துக்கு உதவி. நோட்டுல ரெண்டே வரி எழுதுங்க, "தங்குச்சு", "வறண்டுச்சு". ஒரு மாசம் கழிச்சு மொத்தமா புரட்டிப் பாத்தா ஒரு பேட்டர்ன் தெரியும். எனக்குத் தெரிஞ்சது என்னன்னா "தங்குச்சு" வரியில ஆபீஸ் சம்பந்தப்பட்டது ஒண்ணோ ரெண்டோதான், அதுவும் யாருக்காவது புரியாத ஒண்ணைப் புரிய வச்ச நாட்கள்.

இஞ்ஞாசியார் கதையில யாரும் சொல்லாத மிச்சத்தையும் சொல்லிடுறேன். அவருக்கு ஜெருசலேம்ல போய் வாழ்நாள் முழுக்க இருக்கணும்னு ஆசை, 1523-ல போனாரு, அங்க இருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் திருப்பி அனுப்பிட்டாங்க. ஊருக்கு வந்து 33 வயசுல பார்சிலோனாவுல சின்னப் பசங்க கூட உக்காந்து லத்தீன் இலக்கணம் படிச்சாரு. அப்புறம் பாரிஸ்ல படிக்கப் போன இடத்துல ஒரு ரூம்மேட், பிரான்சிஸ் சேவியர், அந்த ஆள்தான் 1542-ல நம்ம முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தது, எங்க ஊர்ல இருந்து மணப்பாடு பக்கம்தான். இவர் போட்ட பிளான் ஊத்திக்கிட்டதால நடந்தது இதெல்லாம்.

ஆள் சேருங்க, ஆனா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு

தனியா வீட்டுல யூடியூப் பிரசங்கம் மட்டும் கேட்டுட்டு இருந்தா நோட்டு நிறையும், ஆள் மாற மாட்டான். ஒரே சபைக்கு நாலு ஞாயிறு தொடர்ந்து போங்க, ஊர் மேய வேண்டாம். பின்னாடி பெஞ்சுல உக்காருங்க, எப்ப எந்திரிக்கணும் எப்ப உக்காரணும்னு முன்னாடி இருக்கவங்களைப் பாத்துக்கலாம். பாமாலைப் புத்தகம் (பாட்டுப் புத்தகம்) இல்லன்னா பக்கத்துல இருக்கவங்க நீட்டுவாங்க. நற்கருணை (அப்பமும் ரசமும் கொடுக்குறது) நேரத்துல ஒவ்வொரு சபைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு, ஞானஸ்நானம் எடுக்காதவங்க உக்காந்த இடத்துலயே இருந்தா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. காணிக்கைப் பை வரும்போது போடலன்னாலும் அதே.

ஞாயிறு ஆராதனையில யாரும் உங்களை முழுசா தெரிஞ்சுக்கப் போறதில்ல, அதனால ஒரு சின்ன குழு வேணும், வீட்டு ஜெபமோ வாலிபர் கூட்டமோ, கத்தோலிக்கப் பங்குல அன்பியமோ (பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ற ஜெபக் குழு). அங்க கேள்வி கேளுங்க. கேள்வி கேட்டா முகம் சுளிக்குற இடமா இருந்தா அதுவே ஒரு தகவல்.

எந்திரிச்சு ஓட வேண்டிய இடம்னு சிலது இருக்கு. ஆறு மாசம் கூட ஆகல, பெரிய தொகை "விதை"ன்னு கேக்குறாங்க. நீ யாரைக் கட்டிக்கணும், எந்த வேலையை விடணும்னு ஆண்டவர் எங்கிட்ட சொன்னாருன்னு ஒருத்தர் சொல்றாரு, உங்ககிட்ட ஆண்டவர் ஒண்ணும் சொல்லல. வீட்டு ஆட்களோட பேசாதேங்கிறாங்க. எல்லாத்தையும் விட முக்கியமா, விசுவாசம் இருந்தா மாத்திரையை நிறுத்துன்னு சொல்றாங்க. சுகருக்கோ பிரஷருக்கோ மனசுக்கோ எதுக்கு மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. "நான் யாரு, எதுக்கு இருக்கேன்"ங்கிற கேள்வி சில சமயம் ஆன்மீகத் தேடலா இருக்கும், சில சமயம் டிப்ரஷனா இருக்கும், ரெண்டும் சேந்தும் இருக்கும். தூக்கம் போய் சாப்பாடு போய் இருக்கவே பிடிக்கலன்னு ஆயிட்டா ஜெபமும் பண்ணுங்க 14416-க்கும் ஃபோன் போடுங்க, அது டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண். எனக்கு அந்த மூணு மாசத்துல மாத்திரையும் தேவைப்பட்டுச்சு, அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

நோக்கத்துக்கு வருவோம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு வாக்குத்தத்த கார்டு (புது வருஷத்துக்குன்னு ஒரு வசனம் எழுதினது) எடுப்போம்ல, அதுல ரொம்ப அடிபட்டது எரேமியா 29:11. நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகளேன்னு வரும். ஃப்ரிட்ஜ் மேல ஒட்டாத வீடு இல்ல. எனக்கும் வேலை போன வருஷம் அதே கார்டுதான் வந்துச்சு, பிப்ரவரிக்குள்ள வேலை கிடைச்சிடும்னு நினைச்சுட்டேன். கார்டுல இருக்கது ஒரு வசனம், ஆனா அது ஒரு கடிதத்துல இருந்து வெட்டினது. எருசலேம்ல இருந்து பாபிலோனுக்குச் சிறை பிடிச்சுட்டுப் போன ஆட்களுக்கு எரேமியா எழுதின கடிதம், முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு போட்டிருக்கு. அதாவது கடிதத்தை வாசிக்கக் கேட்டவங்கள்ல முக்காவாசிப் பேரு திரும்பி வர மாட்டாங்க. அதுவரைக்கும் என்ன செய்யணும்? 5-ல இருந்து 7 வரைக்கும் படிங்க: வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதோட கனியைச் சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, உங்களைக் கொண்டு போய் வச்சிருக்க அந்த ஊரோட சமாதானத்தைத் தேடுங்க.

எனக்கு அன்னைக்கு நோக்கத்தைப் பத்தி இருந்த நினைப்பு கவுந்துச்சு. என் வாழ்க்கைக்குன்னு ஒரு சீல் வச்ச கவர் எங்கயோ இருக்கு, அதைத் தேடிக் கண்டுபிடிக்கணும்னு நினைச்சுட்டு இருந்தேன். இவர் என்னடான்னா கத்தரிச்செடி நடச் சொல்றாரு.

இந்த இடத்துல எல்லாப் பிரசங்கத்துலயும் ஐடா ஸ்கடர் வருவாங்க. 1870-ல ராணிப்பேட்டையில பிறந்தவங்க, மிஷனரி குடும்பம், ஆனா எனக்கு மிஷனரி வேலையே வேண்டாம்னு இருந்த பொண்ணு. திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பேரு வந்து கதவைத் தட்டுறாங்க, ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொருத்தர், மூணு பேரு மனைவிக்கும் பிரசவ ஆபத்து. இவங்க அப்பா டாக்டர், ஆனா ஆம்பளை டாக்டர் வரக்கூடாதுங்கிறாங்க. விடிஞ்சப்போ மூணு பொண்ணுங்களும் இறந்துட்டாங்க. அந்த ராத்திரியைத்தான் எல்லாரும் சொல்றாங்க. நான் அதுக்கு அடுத்ததைச் சொல்றேன். அமெரிக்கா போய் வருஷக்கணக்கா படிச்சு 1899-ல டாக்டர் ஆகி, 1900-ல வேலூர் வந்து ஆரம்பிச்சது ஒரே ஒரு படுக்கை. பொண்ணுங்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல. இன்னைக்கு சி.எம்.சி.ன்னு ஊரே போற ஆஸ்பத்திரி. மூணு தட்டு நமக்கு வராம போகலாம், அந்த ஒரு படுக்கை மாதிரி ஒண்ணு நம்ம எல்லார் கைக்கும் எட்டும்.

அதனால செய்ய வேண்டியது: ரோமர் 12:6-ல இருந்து 8 வரைக்கும் படிச்சு உங்க நோட்டோட "தங்குச்சு" வரிகளைப் பக்கத்துல வைங்க. போதிக்கிறது, ஊழியம் செய்யுறது, புத்தி சொல்றது, பகிர்ந்து கொடுக்குறது, இரக்கம் செய்யுறதுன்னு அங்க ஒரு பட்டியல் இருக்கும். அப்புறம் உங்களை நல்லாத் தெரிஞ்ச மூணு பேருகிட்ட, "நான் என்ன செய்யும்போது உங்களுக்கு உதவியா இருக்கு?"ன்னு கேளுங்க. ஒருத்தராவது சர்ச்சுக்கு வெளிய உள்ளவரா இருக்கட்டும். எனக்கு அம்மா சொன்ன பதில் "நீ கூட வந்தா ஆஸ்பத்திரிக்குப் போக பயமா இல்ல". பயோடேட்டாவுல எழுதுற விஷயமா அது?

அப்புறம் சபையில ஒரு சின்ன வேலையை மூணு மாசத்துக்கு எடுங்க, மேடை இல்லாத வேலையா. ஓய்வுநாள் பள்ளியில பசங்களைப் பாத்துக்குறது, படுக்கையில கிடக்குற பெரியவங்களைப் போய்ப் பாக்குறது, ஆராதனை முடிஞ்சு பாய் சுருட்டுறது. எங்க பக்கம் அசனப் பண்டிகைன்னு ஒண்ணு உண்டு, ஊருக்கே கோயில்ல சோறு பொங்கிப் போடுறது, அண்டா அண்டாவா. வேலை இல்லாம இருந்த வருஷம் என்னைய வெங்காயம் உரிக்கப் போட்டாங்க. ஒரு பக்கம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், இந்தப் பக்கம் லாரி டிரைவர், மூணு பேருக்கும் கண்ணுல தண்ணி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உரிச்சோம். அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் எங்கிட்ட என்ன பண்றீங்கன்னு கேக்கல, என்ன பண்றேன்னுதான் தெரியுதே.

ஞானஸ்நானம், பேரு, பேப்பர், வீடு

வேற மதத்துல இருந்து வர்றவங்க இதைப் பொறுமையா படிங்க. அவசரப்படாதீங்க, நல்ல சபைகள்ல ஞானஸ்நானத்துக்கு முன்னாடி மாசக்கணக்குல வகுப்பு இருக்கும், இன்னைக்கு வந்து நாளைக்கு முழுக்குன்னு சொல்ற இடத்துல ரெண்டு தடவை யோசிங்க. பேரு மாத்தணும்னு சட்டமும் இல்ல வேதமும் சொல்லல. நீலகண்ட பிள்ளை 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் எடுத்து தேவசகாயம் ஆனாரு, லாசர்ங்கிற பேரோட தமிழ் அது, அந்தப் பேரோட 2022-ல புனிதராகவும் ஆனாரு. அவருக்கு அது பொருந்துச்சு, உங்களுக்கு முருகன் பொருந்துச்சுன்னா முருகனாவே இருங்க, எங்க குழுவுல ஒரு முருகன் இருக்காரு, ஜெபம் பண்ணினா கூரை பிரியும்.

பேப்பர் விஷயம். 1950-ம் வருஷ உத்தரவுப்படி எஸ்.சி. அந்தஸ்து இந்து, சீக்கியர், பௌத்தர்களுக்குத்தான். கிறிஸ்தவரா மாறினா அது போயிடும், தமிழ்நாட்டுல பி.சி.யில வருவாங்க. இது அநியாயம்னு நான் நினைக்குறேன், கோர்ட்டு வரைக்கும் போயிருக்க விஷயம், ஆனா இன்னைக்கு நிலைமை இதுதான். படிப்பு, வேலை எல்லாம் இதுல அடங்கியிருக்கு, அதனால இதைத் தெரிஞ்சுக்கிட்டு, வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு முடிவெடுங்க. இதைச் சொல்லாம ஞானஸ்நானம் கொடுக்குறவங்க மேல எனக்குக் கோபம் உண்டு.

வீட்டுல? முதல் ஆறு மாசம் யாருக்கும் பிரசங்கம் பண்ணாதீங்க. அம்மா விளக்கேத்துறதைப் பாத்து மூஞ்சத் தூக்காதீங்க, பாத்திரம் கழுவுங்க, கரண்ட் பில் கட்டுங்க, அப்பாவுக்கு முன்ன விட மரியாதையா பேசுங்க. கேட்டா சொல்லுங்க, கேக்கலன்னா இருங்க. பிரசாதம் சாப்பிடலாமா வேண்டாமான்னு கேக்குறவங்களுக்கு 1 கொரிந்தியர் 8-ம் அதிகாரம் இருக்கு, பவுல் அதுல சாப்பாட்டை விட பக்கத்துல இருக்கவனோட மனசாட்சியைப் பத்தித்தான் நிறைய கவலைப்படுறாரு.

நடுவுல விட்டுப் போச்சுன்னா

போகும். பத்தாவது நாள் காய்ச்சல் வரும், இல்ல ஐ.பி.எல். வரும். விட்ட நாளை எல்லாம் சேத்துப் படிச்சு ஈடு கட்டாதீங்க, விட்ட அதிகாரத்துல இருந்து திரும்ப ஆரம்பிங்க. ஒண்ணுமே தோணலன்னு சில வாரம் இருக்கும், ஜெபம் பண்ணினா சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கும், அதையும் நோட்டுல அப்படியே எழுதுங்க, சங்கீதக்காரனும் 13-ம் சங்கீதத்துல எதுவரைக்கும் கர்த்தாவேன்னுதான் ஆரம்பிக்குறான்.

மாற்கு முடியும்போது ஒரு அதிர்ச்சி இருக்கு. ரொம்பப் பழைய கையெழுத்துப் பிரதிகள்ல அது 16-ம் அதிகாரம் 8-ம் வசனத்தோட நின்னுடுது, கல்லறைக்குப் போன பொம்பளைங்க பயந்து ஓடி ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லாம போனாங்கன்னு. மிச்சம் எப்படிப் பரவுச்சுன்னு அந்த இடத்துல சொல்லல. எனக்கு அந்த முடிவு பிடிச்சிருக்கு, நீங்க என்ன நினைக்கறீங்கன்னு நோட்டுல எழுதி வைங்க. அடுத்து பிலிப்பியர் எடுங்க, நாலே அதிகாரம், பவுல் சிறையில இருக்கும்போது எழுதின கடிதம், ஒரு டீயை ஆத்திக் குடிக்குற நேரத்துல முதல் அதிகாரம் முடிஞ்சிடும். அதுல 3-ம் அதிகாரத்துல அவரும் ஒரு "நான்" லிஸ்ட் போட்டிருப்பாரு, எந்த கோத்திரம், என்ன படிப்பு, எவ்வளவு வைராக்கியம்னு. போட்டுட்டு அதை என்ன பண்றாருன்னு பாருங்க, அப்புறம் உங்க நோட்டோட முதல் பக்கத்தைத் திறங்க.